மினசோட்டா பள்ளி ஹாக்கி: அரசுப் பள்ளியா, தனியார் பள்ளியா?

அமெரிக்காவின் வட எல்லையில் கனடாவை ஒட்டி அமைந்துள்ள மாநிலம் மினசோட்டா. ஏரிகள் நிறைந்த இம்மாநிலத்தில் குளிர்காலம் நீண்டது. ஏரி நீர் உறைந்து ஆடுகளமாகிவிடும். அதனால் ஐஸ் ஹாக்கி அங்கு வெறும் பொழுதுபோக்காக இல்லாமல் ஊர்ப் பெருமையாகவும் வளர்ந்திருக்கிறது. எட்டாம் வகுப்பை முடிக்கும் ஹாக்கி மாணவர்கள் பலரும் அவர்களுடைய பெற்றோரும் ஆண்டுதோறும் ஒரு முடிவை எடுக்க வேண்டியுள்ளது. ஒன்பதாம் வகுப்புக்குச் சொந்த ஊர் அரசுப் பள்ளியிலேயே சேர்வதா, ஹாக்கிக்குப் பெயர் பெற்ற தனியார் பள்ளிக்குப் போவதா என்பதே அது. இந்தத் தேர்வு ஏன் எழுகிறது, ஏன் பதினான்கு வயதிலேயே எடுக்கப்படுகிறது, எதை வைத்து முடிவு செய்வது நல்லது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

சில சொல் விளக்கங்கள்

தமிழ்நாட்டில் ஹாக்கி என்றால் தரையில் பந்தை வைத்து ஆடும் வளைதடிப் பந்தாட்டம் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது ஐஸ் ஹாக்கி. உறைந்த பனித்தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து, ‘பக்’ எனப்படும் தட்டையான ரப்பர் வட்டை மட்டையால் செலுத்தி ஆடுவது. ஓர் அணியில் ஒரே நேரத்தில் ஆறு பேர் தளத்தில் இருப்பார்கள்: முன்வரிசையில் மூவர், தடுப்பாட்டத்தில் இருவர், கோல் கீப்பர் ஒருவர். ஆட்டம் மிக வேகமானது என்பதால் கோல் கீப்பரைத் தவிர மற்றவர்கள் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகவே தொடர்ந்து ஆடுவார்கள். பிறகு அவர்கள் வெளியேற, அடுத்த வரிசை களத்தில் இறங்கும். யார் எத்தனை நிமிடம் தளத்தில் நின்றார் என்பது இந்த விளையாட்டில் முக்கியமான கணக்கு. பள்ளியைத் தேர்ந்தெடுப்பதிலும் அந்தக் கணக்கு குறுக்கிடும்.

‘பப்ளிக் ஸ்கூல்’ என்ற சொல்லும் நமக்குக் குழப்பம் தரக்கூடியது. நம் ஊரில் அப்படிப் பெயர்ப்பலகை வைத்த பள்ளிகளில் பெரும்பாலானவை கட்டணம் வாங்கும் தனியார் பள்ளிகள். அமெரிக்காவில் அது மக்களின் வரிப்பணத்தில் நடக்கும், படிப்புக் கட்டணம் வாங்காத பள்ளியைக் குறிக்கும். இக்கட்டுரையில் அது ‘அரசுப் பள்ளி’ என்றே குறிப்பிடப்படுகிறது. அங்கு உயர்நிலைப் பள்ளி என்பது ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு வகுப்புகள். அதாவது நம் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை.

ஊர் அணியில் தொடங்கும் பயணம்

அமெரிக்காவின் பல பகுதிகளில் திறமையான சிறுவர்கள் தனியார் மன்றங்களில் சேர்ந்து, பல மாநிலங்களுக்குப் பயணம் செய்து ஆடுகிறார்கள். மினசோட்டாவின் முறை வேறு. அங்கு சிறுவர் ஹாக்கியின் அடித்தளம் ஊர்ச் சங்கங்கள்தான். பிள்ளைகள் பொதுவாகத் தாங்கள் வசிக்கும் ஊரின் சங்கத்திலேயே ஆடுவார்கள். ஸ்குவர்ட், பீவீ, பேன்டம் என்று வயதுப் பிரிவுகள் உள்ளன. இவை முறையே 10, 12, 14 வயதுக்கு உட்பட்டோருக்கானவை. ஊராட்சியோ நகராட்சியோ கட்டிய பனித்தளங்கள் பல இடங்களில் உண்டு. பெற்றோர்களே தன்னார்வலர்களாகப் பயிற்சி தருவதும் நிர்வாகம் செய்வதும் வழக்கம்.

ஆறேழு வயதில் ஒன்றாகச் சறுக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் பதினான்கு வயது வரை ஒரே சட்டை அணிந்து ஆடுகிறார்கள். அடுத்த படி ஊரின் அரசு உயர்நிலைப் பள்ளி அணி. சிறுவயதில் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து அண்ணன்மாரின் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதே அணியில் இடம்பெறுவதுதான் இயல்பான தொடர்ச்சி. இந்தத் தொடர்ச்சியை முறித்துக்கொண்டு வேறு பள்ளிக்குப் போவதால்தான் இது குடும்பத்தின் சொந்த விஷயமாக மட்டும் இருப்பதில்லை. ஊரே பேசும் செய்தியாகிவிடுகிறது.

மாநிலப் போட்டியின் வரலாறு

மினசோட்டாவில் பள்ளி ஆண்கள் ஹாக்கிக்கான மாநிலப் போட்டி 1945-இல் தலைநகர் செயின்ட் பாலில் தொடங்கியது. முதல் பட்டத்தை வென்றது ஈவ்லெத் என்ற சிறிய இரும்புச் சுரங்க ஊர். 1948 முதல் 1951 வரை தொடர்ந்து நான்கு முறையும் அதே ஊர் வென்றது. அந்த அணியின் கோல் கீப்பராக இருந்த வில்லர்ட் இகோலா பின்னர் மினியாபொலிஸ் நகரின் புறநகரான ஈடைனாவில் பயிற்சியாளராகி, அந்த அரசுப் பள்ளிக்கு எட்டு மாநிலப் பட்டங்களைப் பெற்றுத் தந்தார். வட பகுதிச் சுரங்க ஊர்களிலிருந்து வசதியான புறநகர்களுக்கு ஹாக்கியின் செல்வாக்கு நகர்ந்ததை அவருடைய வாழ்க்கை ஒன்றே காட்டிவிடுகிறது.

கத்தோலிக்கப் பள்ளிகளும் பிற தனியார் பள்ளிகளும் நெடுங்காலம் தங்களுக்கென்று தனிப் போட்டி நடத்தி வந்தன. 1970-களின் நடுவில்தான் அவை மாநில உயர்நிலைப் பள்ளி விளையாட்டுக் கழகத்தின் போட்டியில் சேர்ந்தன. பொதுவான போட்டியில் பட்டம் வென்ற முதல் தனியார் பள்ளி ஹில்-மர்ரே; ஆண்டு 1983. 1990-களின் தொடக்கத்தில் போட்டி இரண்டு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. இன்று பெரிய பள்ளிகளுக்கு ‘ஏஏ’ பிரிவும் சிறிய பள்ளிகளுக்கு ‘ஏ’ பிரிவும் உள்ளன. மாணவர் எண்ணிக்கையே அடிப்படை என்றாலும், சிறிய பள்ளி விரும்பினால் பெரிய பிரிவில் ஆடலாம்.

தனியார் பள்ளிக்குப் போனால்தான் பட்டம் வெல்ல முடியும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. கணக்கு அதை முழுமையாக ஆதரிக்கவில்லை. 2001 முதல் 2025 வரையிலான 25 ஆண்டுகளில் ஏஏ பிரிவுப் பட்டத்தைத் தனியார் பள்ளிகள் வென்றது 6 முறை: ஹோலி ஏஞ்சல்ஸ் (2002, 2005), கிரெட்டின்-டெரம் ஹால் (2006), ஹில்-மர்ரே (2008, 2020), பெனில்ட்-செயின்ட் மார்கரெட்ஸ் (2012). மற்ற 19 முறையும் அரசுப் பள்ளிகளே வென்றன. ஆனால் ஏ பிரிவில் நிலைமை வேறு. 2004 முதல் 2013 வரையிலான பத்துப் பட்டங்களில் எட்டைப் பிரெக், செயின்ட் தாமஸ் அகாடமி ஆகிய இரண்டு தனியார் பள்ளிகளே எடுத்துக்கொண்டன. பெரிய புறநகர் அரசுப் பள்ளி தனியார் பள்ளிக்கு ஈடுகொடுக்கும். சிறிய ஊர்ப் பள்ளிக்குத்தான் அது கடினம் என்பதை இந்த இரண்டு கணக்குகளும் உணர்த்துகின்றன.

பதினான்கு வயதில் ஏன் முடிவெடுக்க வேண்டும்?

இதற்குக் காரணம் விதிகள். மினசோட்டாவில் மாணவர் தன் பகுதிக்கு வெளியே உள்ள அரசுப் பள்ளியிலும் சேர்வதற்கு வழிசெய்யும் சட்டம் 1988-இல் வந்தது. அமெரிக்காவில் மாநிலம் முழுவதும் இப்படிப்பட்ட திறந்த சேர்க்கையைக் கொண்டுவந்த முதல் மாநிலம் அதுவே. ஆகவே இன்று தேர்வு இரண்டு பள்ளிகளுக்கு இடையில் மட்டும் இல்லை. சொந்த ஊர் அரசுப் பள்ளி, பக்கத்து ஊர் அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்று மூன்று வழிகள் திறந்திருக்கின்றன.

ஆனால் படிப்பதற்கு இடம் கிடைப்பது வேறு, அணியில் ஆட அனுமதி கிடைப்பது வேறு. விளையாட்டுக் கழகத்தின் விதிப்படி, ஒன்பதாம் வகுப்பில் முதன்முறையாகச் சேரும் மாணவர் எந்தப் பள்ளியில் சேர்ந்தாலும் உடனே முழுத் தகுதியுடன் ஆடலாம். அதற்குப் பிறகு குடும்பம் வீடு மாறாமல் பள்ளி மட்டும் மாறினால், பொதுவாக ஓராண்டுக்கு முதன்மை அணியில் ஆட முடியாது. இளநிலை அணியில்தான் ஆடலாம். சில விதிவிலக்குகள் உண்டு. எனினும் நான்கே ஆண்டுகள் உள்ள பள்ளி வாழ்க்கையில் ஓராண்டை இழப்பது பெரிய இழப்பு. எனவே கதவு தாராளமாகத் திறந்திருப்பது ஒன்பதாம் வகுப்பு நுழைவில் மட்டுமே. உடல் வளர்ச்சி முடியாத, திறமை எந்த அளவுக்கு உயரும் என்று யாராலும் சொல்ல முடியாத வயதில் இந்த முடிவைக் கேட்கிறார்கள் என்பதே இதிலுள்ள சிக்கல்.

பள்ளிகள் விளையாட்டு வீரர்களை ஆசை காட்டி அழைப்பதைக் கழகத்தின் விதிகள் தடை செய்கின்றன. விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதும் கூடாது. தனியார் பள்ளிகள் தரும் கட்டணச் சலுகை குடும்பத்தின் பொருளாதாரத் தேவையை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும். ‘பையன் நன்றாக ஆடுகிறான், கட்டணம் வேண்டாம்’ என்று எந்தப் பள்ளியும் வெளிப்படையாகச் சொல்ல முடியாது.

சொந்த ஊர் அரசுப் பள்ளி தருவது

முதலாவது, ஊரின் ஆதரவு. கனடா எல்லைக்கு அருகில் உள்ள ரோசோ, மூவாயிரம் பேர்கூட இல்லாத ஊர். அதன் அரசுப் பள்ளி ஏழு மாநிலப் பட்டங்களை வென்றிருக்கிறது. 2007-இல் வென்றது பெரிய பள்ளிகளுக்கான ஏஏ பிரிவில். அதன் அருகிலுள்ள வாரோட் இன்னும் சிறியது. 1980 குளிர்கால ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றியத்தை வீழ்த்தித் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் ஆடிய நீல் புரோட்டன் ரோசோக்காரர். டேவ் கிறிஸ்டியன் வாரோட்காரர். அந்த அணியின் பயிற்சியாளர் ஹெர்ப் புரூக்ஸ், செயின்ட் பாலின் ஜான்சன் அரசுப் பள்ளியில் படித்து 1955-இல் மாநிலப் பட்டம் வென்றவர்.

இரண்டாவது, சிறிய ஊரில் ஆட்டநேரம் அதிகம் கிடைக்கும். மாணவர் எண்ணிக்கை குறைவு என்பதால் திறமையுள்ளவர் இளம் வயதிலேயே முதன்மை அணிக்கு வந்துவிடுவார். பின்னாளில் தேசிய ஹாக்கி லீக்கில் புகழ்பெற்ற டி. ஜே. ஓஷி, வாஷிங்டன் மாநிலத்திலிருந்து வாரோட்டுக்கு வந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 2003, 2005 ஆண்டுகளில் அந்தப் பள்ளி ஏ பிரிவில் பட்டம் வென்றது. தேடுபவர்களின் கண் கடைக்கோடி ஊருக்கும் போகும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, செலவு. படிப்புக் கட்டணம் இல்லை. ஹாக்கி அணியில் சேரப் பங்கேற்புக் கட்டணம் உண்டு; மட்டை, காலணி, காப்புக் கவசங்கள் ஆகியவற்றின் விலையும் குறைவில்லை. ஆனால் கருவிச் செலவு எந்தப் பள்ளிக்குப் போனாலும் இருப்பதுதான்.

குறைகளும் உண்டு. பெரிய புறநகர் அரசுப் பள்ளியில் ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிடுவார்கள். ஊர்ச் சங்கத்தில் பல ஆண்டுகள் நன்றாக ஆடியவர்கூடப் பதினோராம் வகுப்பில் அணித் தேர்வில் நீக்கப்படலாம். இதற்கு மாறாக, மாணவர் எண்ணிக்கை தேய்ந்த பள்ளியில் தனி அணியே இருக்காது. இரண்டு மூன்று பள்ளிகள் சேர்ந்து கூட்டு அணி அமைக்கும் நிலை ஏற்படும்.

தனியார் பள்ளி தருவது

மினசோட்டாவில் ஹாக்கிக்குப் பெயர் பெற்ற தனியார் பள்ளிகளில் பெரும்பாலானவை மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரங்களைச் சுற்றியே உள்ளன. ஹில்-மர்ரே, கிரெட்டின்-டெரம் ஹால், ஹோலி ஏஞ்சல்ஸ் ஆகியவை கத்தோலிக்கப் பள்ளிகள். செயின்ட் தாமஸ் அகாடமி ஆண்களுக்கு மட்டுமான கத்தோலிக்க, இராணுவப் பாணிப் பள்ளி. பிளேக் சமயச் சார்பற்ற பள்ளி. ஒவ்வொன்றின் சூழலும் வேறு. ‘தனியார் பள்ளி’ என்று ஒரே கூடையில் போட்டுவிட முடியாது.

இப்பள்ளிகள் பல ஊர்களிலிருந்து மாணவர்களைச் சேர்க்கலாம். அதனால் அணியின் சராசரித் திறன் உயர்வாக இருக்கும்; தினசரிப் பயிற்சியே போட்டிபோல் நடக்கும். வகுப்புகள் சிறியவை, ஆசிரியர் கவனம் கூடுதல், கல்லூரி நுழைவுக்கு வழிகாட்டல் நன்று என்று பெற்றோர் கருதுகிறார்கள். பலர் ஹாக்கிக்காக மட்டுமின்றிச் சமயக் கல்விக்காகவும் ஒழுங்குக்காகவும் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரெக் பள்ளியில் ஆடிய பிளேக் வீலர், கிரெட்டின்-டெரம் ஹாலில் ஆடிய ரயன் மெக்டோனா இருவரும் தேசிய லீக் தேர்வில் முதல் சுற்றிலேயே எடுக்கப்பட்டவர்கள்.

செலவுதான் பெரிய தடை. பிளேக், பிரெக் போன்ற பள்ளிகளில் ஆண்டுக் கட்டணம் 30,000 டாலருக்கும் அதிகம். நான்கு ஆண்டுகளுக்கு 1,20,000 டாலரைத் தாண்டும். இது மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உள்ளூர் மாணவர் நான்கு ஆண்டுகள் படிக்கச் செலுத்தும் கல்விக் கட்டணத்தைவிட அதிகம். கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் கட்டணம் இதைவிடக் குறைவு. தேவையுள்ள குடும்பங்களுக்குச் சலுகையும் உண்டு. ஆனாலும் கல்லூரியில் ஹாக்கி உதவித்தொகை கிடைத்துவிடும் என்று நம்பிப் பள்ளிக்கு இவ்வளவு பணம் கட்டுவது கைக்காசைக் கொடுத்து எதிர்பார்ப்பை வாங்குவதாகும்.

தூரத்தையும் மறக்கக் கூடாது. வீட்டிலிருந்து பள்ளி, பள்ளியிலிருந்து பனித்தளம், அங்கிருந்து வீடு என்று பனிச்சாலையில் தினமும் பயணம். வாகன உரிமம் பெறும் வயது வரும்வரை பெற்றோரே ஓட்டிச் செல்ல வேண்டும்.

பிற வழிகள்

ஃபேரிபோல்ட் என்ற ஊரில் 1858-இல் நிறுவப்பட்ட ஷாட்டக்-செயின்ட் மேரிஸ் ஒரு விடுதிப் பள்ளி. சிட்னி கிராஸ்பி, ஜானதன் டேவ்ஸ், சாக் பரீசே, நேதன் மக்கினன் ஆகியோர் இங்கு படித்தவர்கள். இதன் ஹாக்கி அணிகள் மாநிலப் பள்ளிப் போட்டியில் ஆடுவதில்லை. நாடு முழுவதும் பயணம் செய்து வலுவான அணிகளுடன் ஆடுகின்றன. பதினான்கு வயதில் வீட்டைவிட்டு விடுதியில் தங்குவது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவராது.

அரசு நிதியில் நடந்தாலும் தனி நிர்வாகம் கொண்ட சாசனப் பள்ளிகள் மற்றொரு வகை. அவற்றுள் ஒன்றான ஜென்ட்ரி அகாடமி 2021-இல் ஏ பிரிவுப் பட்டத்தை வென்றது. அரசு, தனியார் என்ற இரண்டே பெட்டிகளில் எல்லாப் பள்ளிகளும் அடங்குவதில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மூன்றாவது வழி, பள்ளி அணியை இடையில் விட்டுவிட்டு 16 முதல் 20 வயதினருக்கான ஜூனியர் லீக்குகளுக்குப் போவது. அங்கு ஆட்டங்களின் எண்ணிக்கை பள்ளிப் பருவத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஆனால் பலர் கடைசி ஆண்டு வரை ஊர் அணியிலேயே இருக்க விரும்புகிறார்கள். ஈடன் பிரேரி அரசுப் பள்ளியின் கேசி மிட்டல்ஸ்டாட், பன்னிரண்டாம் வகுப்பிலும் நண்பர்களுடன் மாநிலப் போட்டியில் ஆடுவதற்காகப் பள்ளி அணிக்குத் திரும்பினார். பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் 2017 தேசிய லீக் தேர்வில் எட்டாவது இடத்தில் எடுக்கப்பட்டார்.

ஆட்டநேரமும் கோல் கீப்பரின் கணக்கும்

பயிற்சியாளர் யார், பனித்தளம் எப்படி, எத்தனை கோப்பைகள் என்று பெற்றோர் விசாரிப்பார்கள். அவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை உண்மையில் ஆடுவாரா? புகழ்பெற்ற அணியின் நான்காவது வரிசையில் அமர்ந்திருப்பவரைவிட, நடுத்தர அணியின் முதல் வரிசையில் ஆடுபவர் வேகமாக வளர்வார். நெருக்கடியான நேரத்தில் களத்தில் நிற்பதால் வரும் அனுபவத்தைப் பெஞ்சில் உட்கார்ந்து பெற முடியாது.

கோல் கீப்பருக்கு இது இன்னும் கடுமை. முன்வரிசை ஆட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர் ஓர் ஆட்டத்தில் மாறி மாறி இறங்கலாம். கோல் கீப்பர் ஒருவர் மட்டுமே. இரண்டாமவர் எவ்வளவு சிறந்தவராயினும் காத்திருக்க வேண்டியதுதான். ஹில்-மர்ரேயில் படித்த ஸ்டீவ் ஜானசாக் 1979-இல் தேசியக் கல்லூரிப் போட்டியின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மறு ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இருந்தும், அந்த ஒலிம்பிக்கில் ஒரு நிமிடம்கூட அவருக்கு ஆட வாய்ப்புக் கிடைக்கவில்லை. எனவே கோல் கீப்பரின் பெற்றோர் புதிய பள்ளியின் கோப்பைகளை எண்ணும் முன், அங்கிருக்கும் கோல் கீப்பர் எந்த வகுப்பில் படிக்கிறார் என்று கேட்பது அறிவுடைமை.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு மேடி ரூனி. ஆன்டோவர் அரசுப் பள்ளியின் மாணவியான இவர், பன்னிரண்டாம் வகுப்பில் பெண்கள் அணியை விட்டு அதே பள்ளியின் ஆண்கள் அணியில் கோல் கீப்பராக ஆடினார். கடினமான அடிகளைச் சந்திக்கப் பள்ளியை மாற்றாமலே வழி கண்டார். 2018 குளிர்கால ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் கனடாவுக்கு எதிரான கூடுதல் அடிகளைத் தடுத்து அமெரிக்காவுக்குத் தங்கம் கிடைக்கச் செய்தவர் அவர்தான்.

பெண்கள் ஹாக்கி

பெண்கள் ஹாக்கியைப் பள்ளி விளையாட்டாக முறைப்படி ஏற்ற முதல் அமெரிக்க மாநிலம் மினசோட்டா. முதல் மாநிலப் போட்டி 1995-இல் நடந்தது. நாட்டலி டார்விட்ஸ், கிறிஸ்ஸி வெண்டல் ஆகியோர் அரசுப் பள்ளிகளிலிருந்து ஒலிம்பிக் வரை உயர்ந்தவர்கள். ஹானா பிராண்ட் ஹில்-மர்ரேயிலும், கெல்லி பானெக் பெனில்ட்-செயின்ட் மார்கரெட்ஸிலும், டானி கேமரனேசி பிளேக்கிலும் படித்தவர்கள். 2018-இல் தங்கம் வென்ற அணியில் இம்மூவரும் அரசுப் பள்ளி மாணவிகளோடு சேர்ந்தே ஆடினார்கள். சிறிய பள்ளிகளில் பெண்கள் அணிக்குப் போதிய ஆள் சேர்ப்பதே கடினம் என்பதால், தரத்தைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பள்ளியில் அணி நிலைத்து நடக்கிறதா என்று மாணவிகள் பார்க்க வேண்டியிருக்கிறது.

கல்லூரிக் கதவு

ஆண்கள் கல்லூரி ஹாக்கியில் முதல் ஆண்டு மாணவர்கள் பலர் 19, 20 வயதினர். பள்ளியை முடித்தபின் ஓரிரு ஆண்டுகள் ஜூனியர் லீக்கில் ஆடிவிட்டே அவர்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். அதாவது, கல்லூரிப் பயிற்சியாளர்களின் முடிவான மதிப்பீடு பெரும்பாலும் பள்ளிப் பருவத்துக்குப் பிறகே நடக்கிறது. பதினான்கு வயதில் தேர்ந்தெடுத்த பள்ளியின் பெயர் அப்போது பெரிதாகப் பேசாது. அதற்குள் வளர்ந்த திறமைதான் பேசும்.

மதிப்பெண் அப்படியல்ல. முதல் தரக் கல்லூரி விளையாட்டில் பங்கேற்க, உயர்நிலைப் பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களை முடித்து, அவற்றில் நான்குக்குக் குறைந்தது 2.3 என்ற சராசரிப் புள்ளியைப் பெற்றிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் எடுத்த மதிப்பெண்ணும் இந்தக் கணக்கில் சேரும். ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட ஐவி லீக் கல்லூரிகளும், மூன்றாம் தரப் பிரிவுக் கல்லூரிகளும் விளையாட்டு உதவித்தொகை தருவதே இல்லை. அங்கு இடமும் நிதியும் படிப்பையும் குடும்பத் தேவையையும் பொறுத்தவை. ஹாக்கியால் திறக்கும் கதவுகளில் பல, புத்தகத்தோடு வருபவர்களுக்கே திறக்கும்.

ஊருக்கு நேரும் விளைவு

ஒரு குடும்பத்தின் முடிவு ஊர் அணியையும் பாதிக்கிறது. 2011, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஏ பிரிவு இறுதியாட்டத்தில் செயின்ட் தாமஸ் அகாடமியிடம் தோற்றது ஹெர்மன்டவுன். துலூத் நகருக்கு அருகிலுள்ள சிறிய ஊர் அது. பல ஊர்களிலிருந்து மாணவர் சேர்க்கும் பள்ளியும் ஒரே ஊர்ப் பிள்ளைகளைக் கொண்ட பள்ளியும் ஒரே பிரிவில் மோதுவது நியாயமா என்ற விவாதம் மாநிலம் எங்கும் எழுந்தது. செயின்ட் தாமஸ் அகாடமி அடுத்த பருவத்தில் பெரிய பிரிவுக்கு மாறியது. ஹெர்மன்டவுன் 2016, 2017 ஆண்டுகளில் பட்டம் வென்றது.

மினியாபொலிஸ் நகரம் இன்னொரு பாடம். ஒரு காலத்தில் பல அரசுப் பள்ளிகள் தனித்தனி அணி வைத்திருந்த நகரம் அது. புறநகர்களுக்குக் குடிபெயர்தல், விளையாட்டின் செலவு, திறந்த சேர்க்கை, தனியார் பள்ளிகள் என்று பல காரணங்களால் அணிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் நகரப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து ஒரே கூட்டு அணியாயின. அந்த அணி 2022-இல் மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றது. 1994-க்குப் பிறகு நகரத்தின் அரசுப் பள்ளி அணி ஒன்று அங்கு சென்றது அதுவே முதல் முறை. வசதியுள்ள குடும்பங்களின் பிள்ளைகள் விலகும்போது, போக வழியில்லாத பிள்ளைகளின் அணிதான் முதலில் மெலிகிறது. அதற்காக எந்தப் பெற்றோரையும் குறை கூற முடியாது. ஊரின் கடனைத் தீர்க்கும் பொறுப்பைப் பதினான்கு வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றுவதும் முறையல்ல.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஹாக்கி இல்லாவிட்டாலும் இந்தப் பள்ளியில் பிள்ளை படிக்க விரும்புவாரா? காயம் ஏற்பட்டாலோ, அணியில் இடம் கிடைக்காவிட்டாலோ மிஞ்சுவது பள்ளி மட்டுமே.

2. முதல் இரண்டு ஆண்டுகளில் எந்த அணியில், எந்த வரிசையில் ஆடும் வாய்ப்பு உள்ளது? பிள்ளையின் இடத்தில் ஆடும் மூத்த மாணவர்கள் எத்தனை பேர்?

3. நான்கு ஆண்டுக் கட்டணத்தைக் கடன் வாங்காமல் கட்ட முடியுமா? தம்பி தங்கைகளின் படிப்புக்கு என்ன மிஞ்சும்?

4. தினசரிப் பயணத்துக்குப் பிறகு படிக்கவும் உறங்கவும் எவ்வளவு நேரம் இருக்கும்?

5. பயிற்சியாளர் அடுத்த ஆண்டு மாறிவிட்டால்? ஒருவரை நம்பிச் சேர்ந்தால் அவர் போனபின் பள்ளி மாற முடியாது. ஓராண்டு ஆட்டம் போய்விடும்.

6. பிள்ளை என்ன சொல்கிறார்? பெற்றோரின் நிறைவேறாத ஆசையைப் பிள்ளையின் விருப்பம் என்று எடுத்துக்கொள்ளும் ஆபத்து எங்கும் உண்டு.

தொகுப்புரை

மினசோட்டாவின் அனுபவம் காட்டுவது இதுதான். அரசுப் பள்ளியிலிருந்தும் தனியார் பள்ளியிலிருந்தும் கல்லூரி அணிக்கும் ஒலிம்பிக்குக்கும் தேசிய லீக்குக்கும் வீரர்கள் போயிருக்கிறார்கள். இரண்டு வகைப் பள்ளிகளிலிருந்தும் எண்ணிக்கையில் பல மடங்கு மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்போடு போட்டி ஹாக்கியை நிறுத்திவிடுகிறார்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் கூட்டத்தை மட்டும் நினைத்துப் பார்ப்பது இயல்பு. ஆனால் நம் பிள்ளை சேரப்போவது பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தில்தான். மட்டையைக் கீழே வைக்கும் நாளில் அந்த மாணவரிடம் நல்ல படிப்பும், கடன் இல்லாத வீடும், கூட ஆடிய நண்பர்களும் இருந்தால், எந்தப் பள்ளியாக இருந்தாலும் அது சரியான தேர்வே.